சும்மா வந்த ராஜா

ஜூன் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

தையல்காரர் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மெஷினும் நலம். அங்கே தாங்களும் மாப்பிள்ளையும் என் மகளும், லாயத்தில் இருக்கும் இரண்டு பேரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளை குதிரை ஏற்றும் லாரியோடு அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருகிறாராம். திரும்பும்போது லாரி காலியாகத்தான் வருமாம். அதில் என் மகள் இங்கே வளர்த்த இரண்டு நாய்களையும் ஏற்றி அனுப்பலாம் என்று இருக்கிறேன். பயப்பட வேண்டாம், சின்ன ஜாதி. இரண்டையும் சேர்த்து ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிவிடலாம். கடையில் இடம் போதவில்லை. ட்ரையல் பார்க்க வருகிறவர்களின் கால்சட்டை ஓரத்தைக் கடித்து இழுக்கின்றன. இது ஒன்றுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

சாதாரண நாய்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நல்ல வம்சம். பெயர்கள் ராஜா, ராணி. சொன்ன பேச்சு கேட்கும். குதிரை இருக்கும் வீட்டுக்கு ஏற்றவை என்றே சொல்வேன். என் மகளையும் அப்படித்தான் வளர்த்தேன்.

சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதாவிட்டாலும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் அதற்குள் லாரி கிளம்பிவிடும்.

தங்களுக்கு ஒரு மேல்கோட்டு தைத்துக் கொடுத்தனுப்புகிறேன். அளவு கேட்கவில்லை. கல்யாணத்தன்று பார்த்ததே போதும்.

மரியாதையுடன்,
தையல்காரர்


ஜூன் 14

சம்பந்திக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாளே நாய்களும் வந்து இறங்கிவிட்டன. சம்மதம் எழுத நேரம் தரவில்லை. தந்திருந்தால் வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். கோட்டு கச்சிதம். தோளில்கூட ஒரு மடிப்பில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வந்தவர்கள் நலம். இங்கே இருப்பவர்களும் இப்போதைக்கு நலம்.

லாரியிலிருந்து இறங்கியதும் ராணி புல் கட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. ராஜா நேராக லாயத்துக்குப் போய், அண்ணாந்து பார்த்து, இந்த வீட்டில் நீ யார் என்று குதிரையைக் கேட்பதுபோலக் குரைத்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடித்தது. ஆனால் திமிர் பிடித்த சின்ன நாய்தான் குளம்பில் சிக்கும். குதிரைக்கு மூக்குக்கு நேர் கீழேயும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. இந்த மாதிரி நாய்கள் சரியாக அங்கேதான் போய் நிற்கும்.

என் லாயத்துக்குச் சில சட்டங்கள் உண்டு. முதலில் வாசனை, பிறகு வேலி, அதற்குப் பிறகுதான் முற்றம். நாய்கள் படுத்த போர்வை இப்போது லாயக் கதவில் தொங்குகிறது. குதிரைகள் மோந்து பார்த்துப் பழகட்டும். அதன் பிறகு கயிற்றில் பிடித்து வேலிக்கு வெளியே நடக்க வேண்டும். இன்னொன்று, முற்றத்தில் யாரும் வீண் வார்த்தை பேசக் கூடாது. குதிரைக்கு நட, நில், திரும்பு. நாய்க்கு அதன் பெயர். அவ்வளவுதான். கொஞ்சலும் கிடையாது, அதட்டலும் கிடையாது. லாடம் அடிக்க வருகிறவர்கூட என் முற்றத்தில் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசாமல்தான் நிற்பார்.

குதிரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூத்தது மேனேஜர். வேலை எதுவும் செய்யாது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பெயர். இளையது பெட்டை. குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டு வெளிநாடு போனபோது அவரிடம் வாங்கினேன். இரண்டு வருடமாகியும் புதுசு என்றுதான் கூப்பிடுகிறோம், ஏனென்றால் எனக்கு அது இன்னும் பிடிபடவில்லை. நில் என்றால் நிற்காது. லாடம் அடித்து முடிப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இத்தனை வருடத்தில் என் பேச்சைக் கேட்காத குதிரை இது ஒன்றுதான். வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. நீங்கள் சம்பந்தி என்பதால் சொல்கிறேன்.

மழை முடிவதற்குள் உங்கள் நாய்கள் குதிரைகளோடு ஒரே முற்றத்தில் அமைதியாக இருந்து பழக வேண்டும். இல்லையென்றால் வந்த லாரியிலேயே ஏறும். சொன்ன பேச்சு கேட்கும் என்று எழுதியிருந்தீர்கள். யார் சொன்ன பேச்சு? ராஜா என்று கூப்பிட்டால் சுவரைப் பார்க்கிறது.

உங்கள் மகள் சௌக்கியம்.

இப்படிக்கு,
குதிரைக்காரி


ஜூன் 21

அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை டீயை வைத்தே நாளை ஓட்டுகிறீர்களா? அவர் லாரியோடு வடக்கே போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாரைக் கேட்டு ராஜா, ராணி என்று எழுதினீர்கள்? கால்சட்டை வாங்க வந்தவர் இரண்டு குட்டிகளோடு கூடையை நீட்டியபோது "எவ்வளவு?" என்று கேட்டீர்கள். "சும்மாதான், வெச்சுக்கோங்க" என்றார். அன்றிலிருந்து அவன் சும்மா. துணியைக் கண்டால் ஓட்டை போடுகிறவள் என்பதால் அவள் காஜா. தெருவுக்கே தெரிந்த பெயர்கள்! இப்போது அத்தை முற்றத்தின் நடுவில் நின்று "ராஜா!" என்று கூப்பிடுகிறார். நம்ம சும்மா, பக்கத்து வீட்டில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருக்கிறான். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தை, "உங்கப்பா எழுத்து நல்லாயிருக்கு. மனுஷன் நிமிர்ந்து எழுதறாரு" என்றார். அத்தை யாரையும் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? உங்களைப் பொய்யர் ஆக்க என்னால் முடியாது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் அவர்களை அவர்கள் பெயரில் கூப்பிடுகிறேன்.

நாய்க் கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் தினமும் வெளியே வர வேண்டியிருக்கிறது. வேலிக்கு இந்தப் பக்கம்தான். மேனேஜர் பரவாயில்லை. புதுசு காதைப் பின்னால் மடக்கினால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. இதை அத்தையிடம் சொல்லவில்லை. நீங்களும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் மகள்


ஜூன் 29

என் கண்ணுக்கு,

அப்பா சௌக்கியம். டீயோடு பன்னும் சாப்பிடுகிறேன், போதுமா?

நீ போனதிலிருந்து எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாக மழை, ஜன்னல் வழியாகக் குதிரை, ஜன்னல் வழியாக அத்தை. அதனால்தான் நாய்களை அனுப்பினேன் என்று நான் சொல்லவே இல்லை. கடையில் இடமில்லை, அவ்வளவுதான்.

பெயர் விஷயம். கல்யாணத்தன்று சாப்பாட்டு மேசையில் அவர்கள் பக்கத்து ஆள் ஒருவர், "தையக்காரர் பொண்ணைச் சும்மாவே தள்ளிவிட்டுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார். நான் அவருக்குப் பின்னால் தண்ணீர் ஜாடியோடு நின்றுகொண்டிருந்தேன். ஊற்றிவிட்டு வந்துவிட்டேன், அவர் டம்ளரில்தான். அந்த வார்த்தையை அந்த வீட்டு விலாசம் போட்ட தாளில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ சும்மா போனவள் இல்லை. உன்னைப் போல ஒருத்தியை அனுப்பிவிட்டு இந்தக் கடையில் நான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று அந்த ஆளுக்கு என்ன தெரியும்?

ஆகையால் ராஜா ராஜாவாகவே இருக்கட்டும். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கு. எனக்காக இதைச் செய்.

அப்பா


ஜூலை 19

சம்பந்திக்கு,

விடாத மழையிலும் குதிரைகளுக்கு இருமல் இல்லை, எனக்கும் இல்லை. உங்கள் கண் எப்படி இருக்கிறது? மெஷின் விளக்கு மங்கல் என்று உங்கள் மகள் சொன்னாள். மாற்றிவிடுங்கள்.

ராணி தேறிவிட்டாள். வேலி இடுக்கு வழியாக மேனேஜர் மூக்கை நீட்டியது. அவள் தும்மினாள். மேனேஜரும் தும்மியது. அதோடு சிநேகம் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் மேனேஜருக்குத் தீனி வைத்தால் அவள் தொட்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு சிந்தியதைக் காவல் காக்கிறாள். பெரிய குதிரைக்குச் சின்ன நாயைப் பழக்குவதில் எனக்கு இணை யாரும் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ராணியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உங்கள் மகள் வேலியோரம் நிற்பாள். ஒரு நாள் நான் எதுவும் பேசாமல் குதிரை தேய்க்கும் பிரஷை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் மேனேஜரின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருந்தது. மறு பக்கத்துக்குக் கை எட்டாது, வேலியைத் தாண்டிப் போக வேண்டும். சில நாள் கழித்து மறு பக்கமும் பளபளத்தது.

ராஜா விஷயத்துக்கு வருகிறேன். அதற்குக் குதிரைகளிடம் பயம் இல்லை, அதுதான் ஆபத்து. என் குரலுக்கு இந்தத் தெருவே திரும்பும். அது திரும்பவில்லை. உங்கள் மகள் அறைக்குள் அதனிடம் ஏதோ குசுகுசுக்கும்போது மட்டும் பாய்ந்து ஓடுகிற சத்தம் கேட்கிறது. வெளியே வந்தால் மறுபடி செவிடு. கூப்பிட்டால் வராத நாயைக் குதிரை முற்றத்தில் வைத்துக்கொள்ள முடியாது. அது மிதிபடுவதை உங்கள் மகள் பார்க்கும்படி நான் விடமாட்டேன்.

அடுத்த மாதக் கடைசியில் லாடக்காரர் வருகிறார். அது முடிந்ததும் லாரி உங்கள் பக்கம் கிளம்பும். அதற்குள் பழகாவிட்டால் ராஜா அதில் ஏறிவிடும். ராணி தனியாக இருக்க மாட்டாள் என்று உங்கள் மகள் சொல்கிறாள். அப்படியென்றால் இரண்டும்.

இப்படிக்கு,
குதிரைக்காரி


ஜூலை 27

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

விளக்கை மாற்றிவிட்டேன். கண் நலம். தாங்கள் மழையில் நனையாமல் இருக்க வேண்டும். அந்தக் கோட்டு மழைக்குத் தாங்காது, வேறொன்று தைத்து அனுப்புகிறேன்.

ராஜாவை அனுப்பிவிடுங்கள். ராணியையும் அனுப்பிவிடுங்கள். கெஞ்சி வைத்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. கடை விசாலமாகத்தான் இருக்கிறது.

மேனேஜரின் மறு பக்கத்தைப் பற்றித் தாங்கள் எழுதியதை நான் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மகள் குதிரை தேய்க்கிறாள் என்று. தபால்காரருக்கு இரண்டு முறை சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இப்போது கடிதத்தை வாசலிலேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

ஒன்று மட்டும். நாய்கள் லாரி ஏறிய பிறகு அவள் மறுபடி அறைக்குள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் எழுதினால் நன்றாக இருக்காது.

மரியாதையுடன்,
தையல்காரர்


ஆகஸ்ட் 30

அப்பாவுக்கு,

முதலில் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நாய்களுக்கும் ஒன்றும் இல்லை. அத்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு, மருந்து போட்டாயிற்று.

ஒரு மாதமாக எழுதாததற்குக் காரணம், அவனை ராஜாவாக்கிவிட்டு நல்ல செய்தியோடு எழுதலாம் என்று இருந்ததுதான். எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன். பிஸ்கட்டை வாங்கித் தின்றுவிட்டுச் சும்மாவாகவே இருந்தான்.

நேற்று பெயர் வெளியே வந்துவிட்டது அப்பா. என்னையும் அறியாமல் கத்திவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நடந்ததை நான் எழுதுகிறேன் என்றால் அத்தை விடமாட்டேன் என்கிறார். "நீ எழுதினா கொறைச்சு எழுதுவே. நான் எழுதறேன்" என்கிறார். கை வலி குறைந்ததும் எழுதுவார். லாரி இன்னும் கிளம்பவில்லை.

உங்கள் மகள்


செப்டம்பர் 2

சம்பந்திக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் முழங்கைதான் காரணம். மற்றபடி நலம். இவ்வளவு நலமாக நான் இருந்து வெகு காலம் ஆயிற்று. உட்கார்ந்து படியுங்கள்.

லாடக்காரர் வந்திருந்தார். மழை நின்று தரை ஈரமாக இருந்தது. புதுசின் கயிறு என் கையில். உங்கள் மகள் வேலிக்கு அந்தப் பக்கம் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னங்காலைத் தூக்கியதுமே குதிரை வழக்கம்போலச் சுற்ற ஆரம்பித்தது. நில் என்றேன். இன்னும் பலமாக நில் என்றேன். என் கால் வழுக்கியது. விழுந்தேன். கயிறு கையை விட்டுப் போனது. லாடக்காரர் தள்ளாடிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார். நான் விழுந்ததைப் பார்த்தோ என்னவோ, உங்கள் ராஜா கயிற்றை உருவிக்கொண்டு வேலிக்கு அடியில் நுழைந்து ஓடி வந்து, குதிரையின் கால்களுக்கு நடுவில் நின்று குரைத்தது. புதுசு முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டது. குளம்புக்கு நேர் கீழே நாய். நாய்க்குப் பக்கத்தில் என் தலை.

அப்போது உங்கள் மகள் கத்தினாள். "சும்மா! சும்மா! சும்மா!"

சம்பந்தி, எனக்குக் கதை கட்டத் தெரியாது. தூக்கிய கால்களை அந்தக் குதிரை தள்ளி, மெதுவாக, ஒரு ஓரமாக வைத்தது. தலையைத் தாழ்த்தியது. அப்புறம் அடித்து வைத்த முளை மாதிரி நின்றுவிட்டது. வால்கூட அசையவில்லை. நாயும் குரைப்பதை நிறுத்திவிட்டு அதன் வயிற்றுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு உங்கள் மகளையே பார்த்தது.

அவள் வேலியைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். நான் சொல்லிக் கொடுக்காமலே குதிரையின் தோள் பக்கமாக, அது பார்க்கும்படி வந்தாள். "சும்மா, சும்மா" என்று சொல்லிக்கொண்டே குனிந்து நாயை எடுத்தாள். முதலில் எனக்குக் கை கொடுக்கவில்லை. நாயைத்தான் எடுத்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எழுந்து உட்கார்ந்து கேட்டேன். "என்னம்மா சொன்னே குதிரைகிட்ட?"

"குதிரைகிட்ட ஒண்ணும் சொல்லலை அத்தை. நாயைக் கூப்பிட்டேன்."

"நாய் பேரு ராஜா இல்லே?"

அவள் முகம் சிவந்துவிட்டது. லாடக்காரர் என் சட்டத்தையும் மறந்து ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பேசினார். "அம்மா, பேரு எதுவா வேணா இருந்துட்டுப் போகட்டும். நான் முடிக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணை அதையே சொல்லிக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

சொன்னாள். ஒரு கையில் நாய், ஒரு கையில் குதிரைக் கயிறு. நான்கு காலுக்கும் லாடம் அடித்து முடிகிற வரைக்கும் சும்மா, சும்மா என்று சொல்லிக்கொண்டு நின்றாள். குதிரை கண்ணை மூடிக்கொண்டு தூங்கவே தூங்கிவிட்டது. முடிந்த பிறகு அவளிடமிருந்து கயிற்றை வாங்கினேன். உள்ளங்கை வேர்வையில் நனைந்து கிடந்தது. அவ்வளவு பயத்தோடுதான் அவ்வளவு நேரமும் நின்றிருக்கிறாள். பயமே இல்லாதவர்களைப் பார்த்திருக்கிறேன் சம்பந்தி, அவர்களைக் கண்டு எனக்குப் பெருமை வந்ததில்லை. என் மருமகளைக் கண்டு வந்தது. லாடக்காரர் போகிற லாயமெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிறகு யோசித்துப் பார்த்தேன். புதுசை விற்ற அந்த வண்டிக்காரர் சந்தடியில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் சும்மா, சும்மா என்று கழுத்தில் தட்டிக் கொடுத்திருப்பார். அதற்கு அமைதி என்றால் அந்த வார்த்தைதான். நானோ முற்றத்தில் வீண் வார்த்தை கூடாது என்று சட்டம் போட்டவள். அந்தச் சட்டத்தால்தான் அது காத்துக்கொண்டிருந்த வார்த்தை இரண்டு வருடமாக அதன் காதில் விழவே இல்லை. வேறு வீட்டிலிருந்து வந்த உயிர். வாங்கும்போது பல்லைப் பார்த்தேன், குளம்பைப் பார்த்தேன். உங்கள் வீட்டில் இதோடு எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்கவில்லை.

நாயின் பெயரை நீங்கள் ஏன் மாற்றி எழுதினீர்கள் என்று அவளைக் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. உங்களையும் கேட்க மாட்டேன். கல்யாணத்தன்று அந்தச் சாப்பாட்டு மேசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

நாய்கள் வரமாட்டா. லாரி காலியாகவே கிளம்பிவிட்டது. கடையில் இடமில்லை என்று முதலில் எழுதினீர்கள், விசாலமாக இருக்கிறது என்று பிறகு எழுதினீர்கள். இரண்டில் எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? இத்தனை மாதமாக ஏம்மா, இந்தாம்மா என்றே ஓட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
குதிரைக்காரி


செப்டம்பர் 10

சம்பந்தி அம்மாவுக்கு,

முழங்கை ஆறிவிட்டதா? பழைய துணியை நனைத்துக் கட்டாதீர்கள், சீழ் வைக்கும். நான் நலம். இந்த வாரம் ரொம்பவே நலம்.

உங்கள் கடிதத்தை நின்றபடியே ஒரு முறை படித்தேன். பிறகு நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து ஒரு முறை. அப்புறம் ட்ரையலுக்கு வந்தவரை நிறுத்தி வைத்துச் சத்தமாகப் படித்தேன். பாவம், ஒரு கை மட்டும் வைத்த சட்டையோடு கடைசிவரை நின்று கேட்டார். "உங்க பொண்ணா?" என்றார். "என் பொண்ணுதான்" என்றேன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று கையைக் கொண்டுபோனால், பனியனில் இருந்தேன்.

நாயின் பெயர் சும்மாதான். மற்றவள் காஜா. நல்ல வம்சம் என்று எழுதியிருந்தேன். வம்சம் தெரியாது, ஒரு கூடையில் வந்தன. கூடை நல்ல கூடை.

மேசையைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை மட்டும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அது எனக்கு வந்தது. வைத்திருக்கிறேன்.

வீட்டில் அவளை எப்படிக் கூப்பிடுவோம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதை நான் எழுத மாட்டேன். கோபம் இல்லை. வெளி ஆள் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னால் சின்ன வயதில் ஒரு நாள் முழுக்க என்னோடு பேச மாட்டாள். அவள் வாயாலேயே சொன்னால்தான் அது உங்களுக்கு ஆகும். சொல்லிவிட்டாளென்றால் அந்தப் பெயரைப் போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அதற்குப் பிறகு என் மகள் அங்கே சௌக்கியமா என்று நான் கேட்கவே மாட்டேன்.

கடை கொஞ்சம் விசாலம்தான்.

அன்புடன்,
தையல்காரர்


அக்டோபர் 5

சம்பந்திக்கு,

இங்கே எல்லோரும் நலம். யார் யார் என்று கடைசியில் எழுதுகிறேன்.

மழை போய்விட்டது. வேலிக் கதவை இப்போது சாத்துவதில்லை. என் சட்டத்திலும் ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்: நட, நில், திரும்பு, சும்மா. ஒரே ஒரு சிக்கல், குதிரையைச் சும்மா என்றால் நாய் ஓடி வருகிறது, நாயைச் சும்மா என்றால் குதிரை நின்றுவிடுகிறது. நேற்று குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு நாயைக் கூப்பிட்டுவிட்டேன். இந்த வயதில் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதாயிற்று. உங்கள் மகள் சிரித்த சிரிப்பில் மேனேஜர் தீனியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தது.

போன வாரம் எங்கள் பெரியப்பா மகன் வந்திருந்தார். உங்களுக்கு ஆளைத் தெரியும். நீங்கள் தண்ணீர் ஊற்றினீர்கள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்ன, மருமக வீட்டிலே சும்மாதான் இருக்காளா?" என்றார். அவள் அப்போது முற்றத்தில் புதுசின் பிடரியை வாரிக்கொண்டிருந்தாள். குதிரையைக் கட்டவே இல்லை. அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஆமாண்ணா. எங்க வீட்டிலே அதைச் சொல்லத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். எனக்கே அவதான் சொல்லிக் கொடுத்தா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பெரிய மனிதராக எழுந்து குதிரையைத் தட்டிக் கொடுக்கப் போனார். அது காதை மடக்கியது. மனிதர் வந்த வழியே வீட்டுக்குள் போய், கிளம்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசையில் பாக்கி இருந்ததைத் தீர்த்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் போன பிறகு உங்கள் மகளிடம் சொன்னேன். "இனிமே இதைப் புதுசுன்னு கூப்பிட முடியாது. நீயே ஒரு பேரு வை."

குதிரையின் நெற்றியில் வெள்ளையாக ஒரு கோடு உண்டு. அதைத் தடவிக்கொண்டே, "சாக்பீஸ்" என்றாள். துணியில் நீங்கள் போடுகிற கோடு மாதிரியே இருக்கிறதாம்.

"உங்க வீட்டிலே எல்லாத்துக்கும் இப்படித்தான் பேரு வைப்பீங்களா? உனக்கு என்ன வெச்சாங்க?" என்றேன். கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

பிடரியை வாருவதை நிறுத்தாமல் சொன்னாள். தையல் மெஷினுக்கு அடியில் நூல் சுற்றி வைக்கிற சின்ன உருளையின் பெயராம், கீழே விழுந்தால் மேசைக்கடியில் உருண்டு ஓடிவிடுமாம். நூலைப் பிடித்து இழுத்தால்தான் வருமாம். சின்ன வயதில் தானும் அப்படித்தானாம். சொல்லிவிட்டு, "வெளியாளுங்க முன்னாடி கூப்பிடாதீங்க அத்தை" என்றாள்.

இருபதாம் தேதி லாரி உங்கள் பக்கம் வருகிறது. திரும்பும்போது காலியாகத்தான் வரும். கடையைப் பூட்டிவிட்டு ஏறிக்கொள்ளுங்கள். சம்மதம் என்று எழுத வேண்டாம், அதற்குள் லாரி வந்து நின்றுவிடும். அளவு டேப்பையும் எடுத்து வாருங்கள், குதிரைகளுக்குக் குளிருக்குப் போர்வை தைக்க வேண்டும். பார்த்ததே போதும் என்று இந்த முறை சொல்ல முடியாது.

மேனேஜர் நலம். சாக்பீஸ் நலம். காஜா நலம், என் கோட்டில்தான் ஒரு ஓட்டை. சும்மா நலம்.

பாபின் நலம்.

இப்படிக்கு,
குதிரைக்காரி